ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளை

எந்த ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். பிழைக்க வந்த ஊரைப் பெண் எடுத்த வீடு மாதிரிக் கொண்டாடுவார். பிறந்த ஊரைப் பற்றிக் கேட்டால் "அது கிடக்கட்டும்" என்று மாமனார் வீட்டுப் புராணத்துக்குத் தாவிவிடுவார்.

எங்கள் திருநெல்வேலிக்கு வாய்த்தவர் கும்பகோணத்துக்காரர். வங்கியில் மாற்றலாகி வந்தார். ஓய்வு பெற்றும் திரும்பவில்லை. ஆறே மாதத்தில் 'சார்' போய் 'அண்ணாச்சி' வந்துவிட்டது. 'ஏல' மட்டும்தான் இன்னும் பிடிபடவில்லை. அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. இவர் பாசம் மேலிட்டு, குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரிடமே ஒரு 'ஏல' போட்டார். அடுத்த மாதம் வேறு வீடு பார்த்தார்.

டவுன் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். இவர் நாலரைக்கே போய் நின்றுவிடுவார். பின்னால் வெளியூர்க்காரர் யாராவது சிக்கினால் போச்சு. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, நெய்விட்டுக் கிண்டுவதில் தொடங்கி, தாமிரபரணித் தண்ணீரின் மகிமை வரை பாடம் நடக்கும். ரத்தத்தில் சர்க்கரை இருப்பதால் இலையில் 50 கிராம்தான் வாங்குவார். சூட்டோடு வாயில் போட்டால் விழுங்க வேண்டிய வேலையே இல்லை, அதுவாக இறங்கும். நெய் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வழியும். பிறகு, சாப்பிட்டது சரியாக இருந்ததா என்று பார்க்க இன்னொரு 50 கிராம். ஏமாற்றுவதற்கு 'அல்வா கொடுப்பது' என்று யாராவது சொன்னால் இவருக்குக் கோபம் வந்துவிடும். எங்களுக்கு வந்ததில்லை.

சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏறினால் ஸ்கூட்டர் நடை வேகத்துக்கு இறங்கிவிடும். "1843-ல சொந்தக் காசப் போட்டுக் கட்டிக் குடுத்த மனுஷன் பேருல பறந்துட்டுப் போலாமா?" என்பார். பின்னால் வரும் மினிபஸ்காரர் வேறு சில பேர்களைச் சொல்வார். இவர் காதில் விழாது. கண் ஆற்றில் இருக்கும். "பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடல் சேருது. அடுத்த மாநிலத்துக்காரன்கிட்ட கையேந்தாத ஆறு அண்ணாச்சி!" காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் சொல்கிறார் இதை.

நான் பிறந்து வளர்ந்ததே நெல்லையப்பர் கோயில் பக்கம். உள்ளே மணிமண்டபத்தில் தட்டினால் இசைக்கும் கல்தூண்கள் உண்டென்று தெரியும். தேரோட்டத்துக்கு வந்த உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டது மட்டும் கிடையாது. போன மாதம் இவர்தான் கையைப் பிடித்து இழுத்துப்போனார். தூணில் என் காதை வைக்கச் சொல்லி, விரல் முட்டியால் லேசாகத் தட்டினார். கல்லுக்குள்ளிருந்து வெண்கல மணி மாதிரி ஒரு நாதம். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகக் கேட்கிறேன். வெளியூர்க்காரர் முன்னால் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

சமாளிக்க வேண்டுமே. "ஏன் அண்ணாச்சி, ஒங்க கும்பகோணத்துப் பக்கம் தாராசுரம் கோயில்லகூட தட்டுனா சத்தம் வார கல்படி இருக்காம்லா?" என்று கேட்டேன்.

"சொல்லுவாங்க. எங்க வீட்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர்தான்," என்றார். "போனதில்ல."