மொய் நோட்டு ஏறாத ஆப்பு

ஏலே பேராண்டி, போன்ல என்னமோ ஆப்பு போட்டிருக்கியாமே. ஒன் பணம் எங்கெங்க கெடக்குன்னு ஒரே எடத்துல காட்டுமாம். ஒங்கம்மா சொன்னா. ரொம்ப சந்தோசம். சம்பளம் ஒரு பேங்க்ல, வீட்டுக் கடன் இன்னொண்ணுல, பழைய கம்பெனிக்காரன் தொறந்து குடுத்த கணக்கு மூணாவதுல. மியூச்சுவல் ஃபண்டு அஞ்சாறு. சிநேகிதன் கெஞ்சுனான்னு எடுத்த இன்சூரன்சு வேற. வச்ச காசைத் தேடவே ஆளு வேணும்ங்கிற அளவுக்கு வளந்துட்டே, நம்ம வம்சத்துல யாருக்கும் கெடைக்காத யோகம்! எனக்கு எலுமிச்சைக் காசு புளியங்குடி மண்டியில இருந்து வரும், சிவகிரி பஸ் ஸ்டாண்டுல எறங்கி வீடு வந்து சேருததுக்குள்ள பாதி போயிரும். தேடுத சோலியே கெடையாது.

கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்காதே. சொசைட்டியில பேரேடு எழுதுன கைலே இது. பேப்பரும் விடாமப் படிக்கேன். நீ போட்டிருக்க ஆப்புக்கு அடியில ஓடுதது அக்கவுண்ட் அக்ரிகேட்டர்ங்கிற ஏற்பாடு. ரிசர்வ் பேங்க் 2016 செப்டம்பர்ல விதி போட்டுச்சு. பெரிய பேங்குக சேந்து ஓட ஆரம்பிக்க 2021 செப்டம்பர் ஆயிட்டு. பேங்குக்கு ரிசர்வ் பேங்க், ஃபண்டுக்கு செபி, இன்சூரன்சுக்கு ஒருத்தன், பென்சனுக்கு ஒருத்தன். நாலு நாட்டாமை தலையாட்டணும்னா சும்மாவா?

நடுவுல நிண்ணு கணக்கைக் கடத்துதவன் ஒன் வரவு செலவைப் பாக்க முடியாது. பூட்டுன மேனிக்கு வாங்கி, பூட்டுன மேனிக்கே குடுக்கணும். சேத்து வச்சுக்கவும் கூடாதுன்னு விதி. அடுத்தவன் காசு விவகாரத்துல நடுவுல நிண்ணும் எட்டிப் பாக்காத ஆளு நம்ம தெருவுல ஒருத்தரைக் காட்டு பாப்போம்.

அமெரிக்காக்காரன் இதுக்கு முன்னாலயே மின்ட்டுன்னு ஒண்ணு வச்சிருந்தான். அங்க பேங்க் பாஸ்வேர்டையே குடுத்து வச்சானுவ, தைரியசாலிக. 2009-ல இன்ட்யூட் கம்பெனி 17 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2024 மார்ச்சுல கடையைச் சாத்திட்டு, எங்க இன்னொரு ஆப்புக்கு வாங்கன்னுட்டான். என் பேரேடு இன்னும் பரண்லதான் கெடக்கு. அதை மூடணும்னா கரையான்தான் மனசு வைக்கணும்.

நம்ம ஊரு ஏற்பாட்டுல பாஸ்வேர்டு கேக்க மாட்டான், சம்மதம் கேப்பான். யாரு கேக்கான், எதுக்குக் கேக்கான், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும் உள்ள கணக்கு, எத்தனை நாளைக்கு, எத்தனை தடவை எடுப்பான், எல்லாம் அதுலயே எழுதியிருக்கும். குடுத்த சம்மதத்தைத் திருப்பியும் வாங்கிக்கலாம். எனக்கும் ஒங்க ஆச்சிக்கும் கல்யாணம் பேசுனப்போ இந்த வசதி இருந்துச்சா? நீ என்ன செய்யுதே, ஓடிபி வந்த ஒடனே பெருவிரலை வச்சு ஒரு அமுக்கு. ஒங்க பூட்டனும் பெருவிரலைத்தான் வச்சாரு, பாவம், அவருக்குப் படிக்கத் தெரியாது. நீ எம்சிஏ.

இன்னொரு சங்கதி. ஒனக்குக் கணக்குக் காட்டுததுக்கு மட்டும்னு இதைக் கட்டல. கடன் குடுக்கவன் ஒன் வரவைப் பாத்துட்டுச் சட்டுனு முடிவெடுக்கத்தான் இது நெறையப் பயன்படுது. நீ ஒன் கணக்கைப் பாக்கே, அவன் ஒன்னையப் பாக்கான். எவனாவது கடன் தாரேன்னு தேடி வந்து ஒன் கணக்கைக் கேட்டான்னா, எதுக்குங்கிற வரியை ரெண்டு தடவை படி. வேலை முடிஞ்சா ரத்து பண்ணு. ரத்து பண்ணுத பொத்தான் எங்க இருக்குன்னு தெரியுமா? தேடு, தேடு.

தேடுததுல கெட்டிக்காரன்னா இன்னொண்ணு செய். கேக்க ஆளில்லாம பேங்க்ல கெடக்குத டெபாசிட்டைத் தேட ரிசர்வ் பேங்க் 2023 ஆகஸ்டுல உத்கம்னு ஒரு தளம் தொறந்திருக்கு. பத்து வருசமா யாரும் தொடாத டெபாசிட்டு ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போயிரும். வாரிசு கேட்டா, அந்த பேங்க் மூலமாத் திருப்பி வாங்கலாம். ஒங்க பெரிய தாத்தா பேரைப் போட்டுப் பாரு. அந்த மனுசன் வீட்டுல பத்துப் பைசா காட்டாம எங்கயோ போட்டு வச்சாருன்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம். இருந்தா எனக்கு முதல்ல சொல்லு, ஒங்க சித்தப்பனுக்குச் சொல்லாதே.

அது கெடக்கட்டும். ஒங்க அக்கா கல்யாணத்துல வந்த மொய் நோட்டு அந்த ஆப்புல ஏறுமா? தளவாய்புரத்துக்காரர் பத்தாயிரம் எழுதிட்டுப் போனாரு. வைகாசியில அவரு வீட்டு விசேசம். நீ என்னடான்னா கையில மிச்சம்னு பச்சைக் கலர்ல காட்டிட்டுத் திரியுதே. ஆச்சி பிடிக்க ஏலச்சீட்டு அதுல இருக்கா? ஒங்கம்மா சங்கிலி அடகுக் கடையில இருக்கே, சொத்துக் கணக்குல கழிச்சிட்டியா? ஓ, ஒனக்குத் தெரியாதோ? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல.

கடைசியா ஒண்ணு. அந்த ஆப்புல எம் பேரு எந்தப் பக்கம் வருது? போன பங்குனி உத்திரத்துக்கு வந்தப்போ, 'தாத்தா, திங்கக்கிழமை போட்டுருதேன்'னு இருபதாயிரம் வாங்கிட்டுப் போனியே, அது எந்தத் திங்கக்கிழமைன்னு அதுகிட்டக் கேட்டுச் சொல்லு. ஜிபே நம்பர் ஆச்சிகிட்ட இருக்கு. எங்கிட்டக் குடுத்தா செலவாயிருமாம்.