உயர்திரு ஃபாலோயர்கள் சமூகத்திற்கு

என் தம்பி மகள் சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு சமூகப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு, இணையத்தில் எழுதி, ஜனங்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டுமாம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குத் தகுந்தபடி மார்க். பாப்பா எடுத்துக்கொண்டது குப்பை சேர்ந்துபோன எங்கள் ஊர் ஏரி. லீவுக்கு வந்தவள் முதல் பதிவை எழுதி முடித்து, போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஏரி அழுகிறது. உனக்குக் கேட்கிறதா?"

அதற்கு அடியில் உடைந்த இதயம் ஒன்று, கண்ணீர்த்துளி மூன்று, ஒரு வாத்து. நாரை கிடைக்கவில்லையாம்.

நான் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுப் பிரிவிலேயே பாதி சர்வீஸை ஓட்டி ஓய்வு பெற்றவன். அடுத்தவர் அழுகையைப் படித்தே பென்ஷன் வரைக்கும் வந்துவிட்ட ஆள். கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

"எந்த ஏரி? எந்த வருவாய்க் கிராமம்? சர்வே நம்பர் போடலையே?"

"பெரியப்பா, இது இன்ஸ்டாகிராம்."

"இருக்கட்டும். யாருக்கு எழுதியிருக்கே?"

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா, நகல் யாருக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஓய்வூதியர் என்கிற சொல்லின் முழு அர்த்தமும் இருந்தது.

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், தமிழ்நாட்டில் ஆளை இணங்கவைக்கும் எழுத்து இணையத்தில் பிறந்ததல்ல. மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலில் புங்க மரத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவர்கள் பார்க்காத சோகம் கிடையாது. "ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்" என்று ஆரம்பித்தால், "தாங்கள் கருணை கூர்ந்து" என்று கொண்டுபோய் நிறுத்தும் வரை பேனா தயங்காது. நடுவில் என்ன பிரச்சினை என்பதை மட்டும்தான் எதிரே நிற்பவரிடம் கேட்டுக்கொள்வார்கள்.

ஆனால் எங்கள் மேசைக்கு வந்தவற்றில் கோப்பை நகர்த்தியவை வேறு ரகம். ஆறு பக்க மனு வரும். தாத்தா காலத்துப் பாகப்பிரிவினையில் தொடங்கி, பெரியம்மாவின் துரோகத்தைத் தொட்டு, நாட்டில் நீதி செத்துவிட்டதா என்று கேட்டு முடியும். என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதியவர் மறந்திருப்பார், கோப்பும் நகராது. அதே வாரம் ஒருவர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். சுடுகாட்டுக்குப் போகும் வழியில் சிறுபாலம் உடைந்திருக்கிறது, எங்கள் தாத்தா இழுத்துக்கொண்டு கிடக்கிறார், வியாழக்கிழமை தாண்டாது என்கிறார் டாக்டர், அதற்குள் சரிசெய்து கொடுக்கவும். அவ்வளவுதான். ஓவர்சியர் புதன்கிழமையே ஜல்லியோடு போய் நின்றார். தாத்தா அதன் பிறகு நெடுநாள் அந்தப் பாலத்தின் மேல் நடந்து டீக்கடைக்குப் போய்வந்தார் என்பது தனிக்கதை.

பாப்பாவுக்கு இதெல்லாம் பழைய பஞ்சாங்கம். அவளுடைய பாடமே வேறு. முதல் மூன்று வினாடியில் படிப்பவனைப் பிடித்துவிட வேண்டும், அதற்குப் பெயர் ஹூக். கடைசியில் ஒரு செயலுக்கு அழைக்க வேண்டும், அது சி.டி.ஏ. அவளுடைய ஏரிப் பதிவில் சி.டி.ஏ. என்ன என்று கேட்டேன். "ஷேர் பண்ணுங்கள்" என்றாள். ஷேர் பண்ணினவன் என்ன பண்ணுவான்? "அவனும் ஷேர் பண்ணுவான்." நாங்கள் இதைத்தான் 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதி அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளுவோம். அதில் குறையே சொல்ல முடியாது. தபால் சுற்றிக்கொண்டே இருக்கும், யார் மேசையிலும் நிற்காது.

அந்தப் பதிவுக்கு லைக் கொட்டியது. ஒவ்வொன்றும் 'டிங்' என்று விழும்போது எனக்கு எல்.டிஸ். ஞாபகம் வந்தது. மேல்நடவடிக்கை தேவையில்லாத காகிதத்தை எல்.டிஸ். போட்டு முடிப்போம், ஓராண்டு கழித்துக் கிழித்துவிடலாம். பார்த்தாயிற்று, மனம் இளகிற்று, முடித்தாயிற்று.

அடுத்த வாரம் அவள் புதிதாக ஒன்று படித்துவிட்டு வந்தாள். இது எனக்கும் பிடித்தது. 2007-இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. ஆப்பிரிக்காவில் இத்தனை லட்சம் பேர் பசியில் இருக்கிறார்கள் என்று கணக்கைக் காட்டி ஒரு கூட்டத்திடம் நன்கொடை கேட்டார்கள். இன்னொரு கூட்டத்திடம் கணக்கே பேசவில்லை. மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னார்கள். ரோகியாவுக்குப் பணம் கூடுதலாக விழுந்தது. சரி, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் கூடுமே என்று பார்த்தால், ரோகியாவுக்கு விழுவதும் குறைந்துவிட்டது. நல்லவேளை, வருவாய்த் துறையில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் புள்ளிவிவரப் படிவங்களை எல்லாம் யார் பூர்த்தி செய்வது?

"எனக்கு ஒரு ரோகியா வேணும் பெரியப்பா" என்று கிளம்பினாள். ஏரிக்கரையில் எருமை மேய்க்கும் ஆயா ஒருத்தி உண்டு. முகமெல்லாம் சுருக்கம், காதில் பாம்படம் போட்டிருந்த துளை. போட்டோவுக்கென்றே செய்த முகம். நானும் துணைக்குப் போனேன்.

"ஆயா, ஏரி முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"தண்ணியா இருந்துச்சு."

"இப்ப இப்படி ஆயிடுச்சே, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கென்ன கஷ்டம்? மாட்டுக்குத்தான் கஷ்டம். கவரத் தின்னுட்டு வயிறு உப்பிக்குது."

பாப்பா இதை ஆவலாகக் குறித்துக்கொண்டாள். பிறகு, "கொஞ்சம் சோகமா ஏரியைப் பாருங்க ஆயா" என்றாள்.

"ஏன், யாரு செத்துட்டா?"

எவ்வளவு முயன்றும் ஆயாவின் முகத்தில் சோகம் வரவில்லை. கேமராவைக் கண்டால் சிரிப்பு வந்தது. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ கலெக்டர் ஆபீஸ்ல இருந்தவருதானே? எனக்கு முதியோர் பணம் ஆயிரத்து எரநூறு வர்றதே நின்னு போச்சு. அதக் கேட்டுச் சொல்லு மொதல்ல." அப்போதுதான் முகத்தில் சோகம் வந்தது. பாப்பா சட்டென்று படத்தை எடுத்துவிட்டாள். பாப்பா சொல்லும் ஏரிக்கும் ஆயாவின் துக்கத்துக்கும் தொடர்பில்லை என்பது என் மனசாட்சியை உறுத்தியது. அவளுடையதையும் உறுத்தியிருக்க வேண்டும், படத்தைப் போடவில்லை. விசாரித்தால், வங்கியில் கேஒய்சி கொடுக்காமல் ஆயாவின் கணக்கு முடங்கிக் கிடந்திருக்கிறது. ஆயாவுடைய ஆதாரை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனவள் பாப்பாதான்.

வகுப்பில் பேசுவதற்காக அவள் அதற்குப் பின் எடுத்தது 2015-ஆம் ஆண்டு இணையச் சமவாய்ப்புப் (நெட் நியூட்ராலிட்டி) போராட்டம். எனக்கு அன்றைக்குத்தான் இந்த இணையக்காரர்கள் மேல் மரியாதை வந்தது. இணைய நிறுவனங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அந்த மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 118 பக்கத்துக்கு ஒரு கலந்தாய்வு அறிக்கை போட்டது. உள்ளே 20 கேள்விகள். குறிப்பிட்ட தேதிக்குள் பதில் அனுப்பலாம். நம்மில் யார் படிப்பது? ஆனால் சில பிள்ளைகள் உட்கார்ந்து அத்தனையும் படித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதி, அழுத்தினால் நேராக டிராய்க்கு மின்னஞ்சல் போகிற மாதிரி ஒரு தளத்தில் வைத்துவிட்டார்கள். நகைச்சுவை வீடியோ ஒன்றும் சேர்ந்துகொண்டது. பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போய் விழுந்தன. டிராய், அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளோடு அவ்வளவையும் பொதுவில் போட்டுவைத்தது. என்ன இருந்தாலும் அலுவலகம் அலுவலகம்தான்.

அதே ஆண்டு டிசம்பரில், தளத்துக்குத் தளம் வேறு வேறு கட்டணம் வாங்கலாமா என்று டிராய் இன்னொரு அறிக்கை போட்டது. இந்த முறை நான்கே கேள்விகள். ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்துக்காகத் தன்னுடைய பயனர்களை விட்டு லட்சக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பவைத்தது. எல்லாமே 'திட்டத்தை ஆதரிக்கிறேன்' ரகம். நாங்கள் கேட்ட கேள்விக்கு இதில் பதிலே இல்லையே என்று டிராய் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரியில் பாகுபாடான கட்டணத்துக்குத் தடை வந்தது. ஃப்ரீ பேசிக்ஸ் இங்கிருந்து மூட்டை கட்டியது. தடைக்கு வேறு காரணங்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் உலகத்திலேயே பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்று, எதற்குப் பதில் என்று காட்டும் 'பார்வை' வரியை நிரப்பாமல் மனு அனுப்பியது என்பதை நினைக்க நினைக்க எனக்கு உள்ளம் குளிர்கிறது.

"பெரியப்பா, அப்ப நம்ம ஏரிக்கு டிராய் யாரு?" என்று கேட்டாள் பாப்பா.

அப்படிக் கேள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். தமிழ்நாட்டில் 39,000-க்கும் அதிகமான ஏரிகள். ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், நூறு ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஒன்றியத்துக்கு எழுதினால் அவர்கள் துறைக்கு அனுப்புவார்கள், துறை தாலுகாவுக்கு அனுப்பும், ஏரி அதற்குள் பேருந்து நிலையம் ஆகிவிடும். எங்களுடையது நீர்வளத் துறை ஏரி. அந்த வகை ஏரிகளுக்கு 2007-இலேயே ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்துவிட்டது: எல்லையை அளக்க வேண்டும், பதிவேடு போட வேண்டும், நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் அகற்றுவது. அளந்தார்களா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எங்கள் ஏரியின் கடைசி மதகில் தண்ணீர் வந்து வருஷக்கணக்காகிறது. குப்பை ஒரு காரணம்தான். பெரிய காரணம் அடைபட்டுப்போன வரத்துக் கால்வாய். மழை பெய்தாலும் தண்ணீர் ஏரிக்கு வந்து சேர வழியில்லை.

அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, நானும் அவளும் கால்வாயோடு ஒவ்வொரு புல எண்ணாக நடந்தோம். பதிவேட்டில் 'வாய்க்கால்' என்று இருக்கிற இடத்தில் தரையில் ஒரு செங்கல் சூளை, ஒரு வாழைத்தோட்டம், இரண்டு காம்பவுண்டுச் சுவர். இன்னொரு இடத்தில், தகரக் கூரை போட்ட மாட்டுக் கொட்டகை. கொட்டகை வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து, "வாம்மா மருமகளே, காபி சாப்பிடு" என்றார். அவளுடைய தாய்மாமன்.

அன்றிரவு அவள் எழுதிய பதிவில் வாத்து இல்லை. கால்வாயின் நீளம், அடைபட்ட இடங்கள், பொறுப்பான செயற்பொறியாளரின் அலுவலகம், மழைக்கு முன்னால் அளக்கச் சொல்லி அனுப்ப வேண்டிய இரண்டு வரி, எல்லாம் இருந்தன. அதுவரை காலை வணக்க ரோஜாக்களோடு அமைதியாக இருந்த எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு தீப்பிடித்தது. "சொந்தத் தாய்மாமன் மேலயா?" என்று ஒரு சித்தி. "நாளைக்கு இவ கல்யாணத்துக்குச் சீர் யார் கொண்டுவருவா?" என்று அவள் அம்மா தனியாக எனக்குப் போன் போட்டு அழுதாள். நான்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டேனாம். ஊர் பேர் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் லைக் போட்டார்கள். அவர்களில் யாருக்கும் கால்வாயில் கொட்டகை இல்லை.

பாப்பா மறுநாள் மாமா வீட்டுக்குப் போனாள். ஹூக் எதுவும் கொண்டுபோகவில்லை, வரைபடம் மட்டும். மாமா கோபப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். "ஏம்மா, என் கொட்டகையில மட்டும்தான் தண்ணி நிக்குதா? மேல இருக்கறவன்லாம் உத்தமனா? அவனுங்க எடுக்கட்டும், நானும் எடுக்கறேன்" என்றார். நியாயமான வாதம். இந்த வாதத்தை எழுத்தில் ஜெயித்தவர் எவரையும் என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அவளும் வாதாடவில்லை. "அப்ப மேல யார் யார் இருக்காங்கன்னு நீங்களே எழுதிக் குடுங்க மாமா, உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள் குடும்பக் குழுவில் மாமாவிடமிருந்து ஒரு நீண்ட செய்தி. 'பொருள்: ஏரி வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பு' என்று தலைப்பு. அடியில் வரிசையாகப் பெயர்கள், தகப்பன் பெயர், புல எண், எத்தனை சென்ட், எந்த வருஷம் வளைத்தது, என்ன கட்டியிருக்கிறார்கள். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. மனுப் பிரிவில் இருந்த காலம் முழுவதும் இப்படி ஒரு மனுவுக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்று தோன்றியது. ஒன்பது ஆக்கிரமிப்பாளர்கள். அவர் பெயர் மட்டும் இல்லை.

பாப்பா அதை அப்படியே நகலெடுத்து, கடைசியில் '10' என்று போட்டு, பெயர், தகப்பன் பெயர், புல எண், சென்ட், மாட்டுக் கொட்டகை என்று அதே வரிசையில் நிரப்பி, குழுவில் போடாமல் மாமாவுக்கு மட்டும் தனியாக அனுப்பினாள்.

"மாமா, ஒண்ணு விட்டுப்போச்சு. சேர்த்துட்டேன். சரியான்னு பாத்துட்டு நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க."

நீல டிக் விழுந்துவிட்டது. 'டைப்பிங்' என்று வருகிறது, நின்றுபோகிறது, மறுபடி வருகிறது.