வலையமைப்புக் கணினிகளில் பொழுதுப் பிணக்கு: ஒரு மீள்பார்வை

இப்பொருளில் முதற்பார்வை எதுவும் இதுவரை வந்ததில்லை. மீள்பார்வை என்று தலைப்பு வைத்தால்தான் ஆய்வரங்கில் நாற்காலி போடுகிறார்கள் என்பதால் இப்படி.

சொல்லாராய்ச்சி இல்லாமல் தொடங்குவது மரபன்று. கடிகை என்றால் நாழிகை. நாழிகை என்றால் 24 நிமிடம். ஆகவே கடிகாரம் என்பது 24 நிமிடம் வரை பிசக உரிமையுள்ள கருவி எனக் கொள்ள இடமுண்டு. கெர்பரோஸ் இதை ஏற்பதில்லை. கிரேக்கப் புராணத்து மூன்று தலை நாயின் பெயரைத் தாங்கிய இந்தக் காவல் முறை, கணினிக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், கடவுச்சொல் சரியென்றாலும் வழக்கமாக உள்ளே விடாது. கால் நாழிகைப் பொறுமைகூடக் கிடையாது. முல்லைப்பாட்டில் நாழிகைக் கணக்கர் வருவதைக் கொண்டு, கணினிகள் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்ள டேவிட் மில்ஸ் 1985இல் எழுதிவைத்த என்டிபி நெறிமுறை நம்முடையதே என்று நிறுவ இந்நேரம் யாரேனும் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அவரைத் தொந்தரவு செய்யாமல் மேலே செல்வோம்.

பொழுதுப் பிணக்கு ஐவகைப்படும். நான்கு என்பாரும் உளர்; அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்று, பேட்டரித் தீர்வு. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 காலி. மாற்றுக.

இரண்டு, மண்டலப் பிழை. கடிகாரம் சரி, நாடு தவறு.

மூன்று, படிக நழுவல். வினாடிக்கு 32,768 முறை அதிர வேண்டிய குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 1.7 வினாடி போய்விடும். ஏசியை அணைத்தால் பிசகும் மாறும்.

நான்கு, வழி ஓரவஞ்சனை. கேள்வி போன நேரமும் பதில் வந்த நேரமும் சமம் என்று நம்பி என்டிபி பாதியாக வகுக்கிறது. போகும்போது டவுன் பஸ், வரும்போது எக்ஸ்பிரஸ் என்றால் அந்த வித்தியாசத்தில் பாதி பிழையாகத் தங்கிவிடும். பெரும்பாலும் மில்லிவினாடி விவகாரம். இதை எழுதினால் முனைவர் பட்டம் உண்டு. பேட்டரி மாற்றினவருக்கு ஒரு டீ கூட இல்லை.

ஐந்து, வட்ட மேற்கோள். இதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவரின் மடிக்கணினி, காலை 9:30க்கு உள்நுழைய மறுத்தது. மடிக்கணினியில் அப்போது 9:39. அலுவலகத்தின் மற்றக் கணினிகள் எல்லாம் ஒருமுகமாக 9:30 என்றன. குற்றவாளி யார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. என் கைப்பேசியும் 9:39 என்றது. அதை யாரும் சான்றாக ஏற்கவில்லை.

சர்வரில் போய் என்டிபிகியூ கட்டளையைத் தட்டினேன். மூலங்களின் பட்டியலில் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் முறையாக இருந்தது. ஆனால் ரீச் என்ற கட்டத்தில் பூஜ்யம்: ஃபயர்வாலில் யுடிபி 123ஆம் வாசலை யாரோ சாத்தியிருந்தார்கள். நட்சத்திரக் குறி நின்ற வரியில் 127.127.1.0. அதாவது, நேரத்தை யார் சொன்னது என்று கேட்டால், ‘நான்தான் சொன்னேன்’ என்கிறது சர்வர்.

அந்தச் சர்வருக்குக் கையால் நேரம் வைத்தவர் முந்தைய நிர்வாகி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்தார் (சர்வர் அறைக் கதவில் ஒட்டிய தாள், கிழிந்த பதிப்பு). சுவர்க் கடிகாரத்துக்கு வைத்தவர் அலுவலக உதவியாளர் அண்ணன். வருகைப்பதிவு மெஷினைப் பார்த்து வைத்தார் (வாய்மொழிச் சான்று, டீ நேரம், இரண்டாம் வடைக்கும் மூன்றாம் வடைக்கும் இடையே பதிவு செய்யப்பட்டது). மெஷினோ சர்வரைப் பார்த்து வைத்துக்கொள்கிறது (மெஷினின் முதுகு, தூசிக்கு அடியில், நீல மையில் ‘சர்வர் டைம், தொடாதே’, அதன்கீழ் சிவப்பு மையில் ‘தொட்டாச்சு’. பின்னது உரையாசிரியர் ஒருவரின் இடைச்செருகல் என்பது என் துணிபு, மை வேறு, கை வேறு, மனநிலையும் வேறு).

இங்கே மில்ஸை வணங்க வேண்டும். என்டிபியில் ஒவ்வொரு சர்வரும் தன் மூலம் எது என்று சொல்லியாக வேண்டும். ‘உன் மூலமே நான்தானே’ என்று தெரிந்தால் மற்றது அதனிடம் நேரம் வாங்காது. அணுக்கடிகாரத்திலிருந்து எத்தனையாவது கை என்பதும் ஸ்ட்ராட்டம் எண்ணாக நெற்றியில் எழுதியிருக்கும். 15 வரை போகலாம், 16 என்றால் நம்பத்தக்கதன்று. இவ்விதியை ஆய்வேடுகளுக்கும் நீட்டினால் நூலகங்களில் எவ்வளவு இடம் மிச்சமாகும்! நான் உங்களை மேற்கோள் காட்ட, நீங்கள் என்னைக் காட்ட, நமக்கு அணிந்துரை எழுதியவர் நம் இருவரையும் காட்ட, ஒன்பது நிமிடம் பின்தங்கிய ஒரு கருத்து முப்பது வருடம் பாடத்திட்டத்தில் ஓடுகிறது. எங்கள் வட்டத்தை என்டிபியாலும் பிடிக்க முடியவில்லை. நடுவில் இரண்டு மனிதர்கள் இருந்ததே காரணம்.

வாசலைத் திறந்தோம். ரீச் எண் 1, 3, 7, 17, 37, 77, 177, 377 என்று ஏறியது. கடைசி எட்டு முயற்சிகளும் பலித்தன என்பதைச் சொல்ல எண்மக் கணக்கில் 377. எளிய செய்தியைக் கடினமாக்கும் கலை நமக்கு மட்டும் உரியதன்று.

இனித் திருத்த வேண்டியதுதான். ஒரே தாவலில் 9 நிமிடம் முன்னே போகலாம். அல்லது வினாடிக்கு அரை மில்லிவினாடி வீதம், யாருக்கும் தெரியாமல், பன்னிரண்டரை நாளில் போகலாம். உடனே அலுவலகம் இரண்டு கட்சியானது. காலையில் தாமதக் குறி விழும் என்று அஞ்சியவர்கள் மெல்லத் திருத்தக் கோரி மனுக் கொடுத்தார்கள். மாலையில் 9 நிமிடம் முன்னதாகவே புறப்படலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உடனே திருத்தக் கோரி மனுக் கொடுத்தார்கள். இரண்டு மனுக்களிலும் கையெழுத்துகள் ஒன்றே.

மேலிடம் மெல்லத் திருத்தவே ஒப்புதல் தந்தது. அதன்படி வேறுபாடு 5 நிமிடத்துக்குள் வர ஐந்தரை நாள் ஆகும். அதுவரை மடிக்கணினி வெளியே நிற்க வேண்டும் என்று விளக்கி, சூத்திரங்களோடு நான்கு பக்கக் குறிப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் தன் மடிக்கணினியின் நேரத்தை 9 நிமிடம் பின்னுக்கு வைத்துக்கொண்டு, உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.