அடை வைத்த முட்டை

கே: மகன் எந்நேரமும் கல்லூரி இன்குபேஷன் சென்டரிலேயே கிடக்கிறான். தேறுவானா?
– ஒரு தந்தை, விருதுநகர்

ப: தேறுவார், அவசரப்படாதீர்கள். கோழிமுட்டைக்கு 21 நாள் போதும், கம்பெனிக்குப் போதாது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் ஏத்தர் எனர்ஜியைத் தொடங்கினார்கள். அடைகாத்தது அதே ஐஐடி. அவர்களின் முதல் மின்சார ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-ல்! அந்த ஐந்து வருடப் பொறுமையை எந்த வங்கி கடனாகத் தரும்? ஆய்வகம், இயந்திரம், வழிகாட்டி எல்லாம் மாணவனுக்குக் கிடைக்கிற இடம் இன்குபேஷன் சென்டர். இன்னொரு பெரிய உபகாரமும் உண்டு. யோசனை கூமுட்டையாக இருந்தால், உங்கள் சேமிப்பைக் கொட்டுவதற்கு முன்பே வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிடுவார்கள். அரியர் மட்டும் வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.