மூன்று தக்காளி

நேரத்தை உருப்படியாகச் செலவழிப்பது என்று போன ஞாயிறு முடிவெடுத்தேன். வழிகாட்டி, பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர். 1980களின் கடைசியில், கல்லூரியில் படிக்கும்போது பாடத்தில் மனம் நிற்காமல், சமையலறையில் வைக்கும் தக்காளி வடிவ டைமரை முடுக்கிவிட்டு உட்கார்ந்தவர். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. இப்படி ஒரு சுற்றுக்குப் பெயர் பொமொடோரோ, இத்தாலிய மொழியில் தக்காளி. நம் ஊரில் அதே தக்காளி இன்னமும் ரசத்தைத் தாண்டவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கலாமென்றால், ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம். (எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, சுவரில் தொங்கும் காலண்டருக்கு உண்டு.) நடுவில் மிஞ்சியது ஒன்றரை மணி நேரம். கச்சிதமாக மூன்று தக்காளி.

முதல் தக்காளி, முக்கியமான வேலைகளைப் பட்டியல் போடுவதில் போயிற்று. சிவப்பு மைதான் எடுப்பாக இருக்கும் என்று தோன்ற, ரீஃபில் தேடியதில் பாதி. இரண்டாவதுக்கு, கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று ஒருவர் நாற்பது நிமிடம் பேசும் வீடியோ. மணி அடித்தும் நிறுத்த மனம் வரவில்லை. அது ஓய்வை விழுங்கி, மூன்றாவது தக்காளியையும் கடிக்க ஆரம்பித்தபோது போன் அடித்தது. அம்மா.

“அப்புறம் கூப்பிடறேம்மா. முக்கியமான வேலையில இருக்கேன்.”

“அப்படி என்னடா வேலை?”

பட்டியலைப் பார்த்தேன். முதல் வரி, சிவப்பு மையில்: அம்மாவோடு ஆற அமரப் பேச வேண்டும்.