ஒயினும் வெயிலும்

கேள்வி: நாசிக் ஒயினை கூரியரில் வீட்டுக்கே வரவழைக்கலாமா? செலவு கட்டுமா, கெடாமல் வருமா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: முதலில் சட்டம் மறிக்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அனுமதியில்லாமல் வெளிமாநிலப் பாட்டில் வந்தால், கூரியர் கட்டணத்தோடு வக்கீல் கட்டணமும் சேரும்.

அடுத்து வெயில். ஒயினை வைத்திருக்க ஏற்றது சுமார் 13 டிகிரி. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள் 40-ஐத் தாண்டும். ஒயின் விரிந்து தக்கையை மேலே தள்ளும். ஓரத்தில் கசியும், காற்று புகும். பழவாசனை போய், காய்ச்சிய ஜாம் வாசனை வரும். குளிர்பதன வண்டி காப்பாற்றும். ஆனால் ஒற்றைப் பாட்டிலுக்கு வாடகை கட்டுப்படியாகாது.

குளிரூட்டச் செலவழிக்க மனமிருந்தால் உங்கள் ஊர்ப் பூச்சந்தையைப் பாருங்கள். விடியலில் பறித்த மல்லிகை மதியத்துக்குள் விலையிறங்குகிறது. அந்தப் பூவுக்குக் குளிர்ச்சி கிடைத்தால் ஒரு விவசாயக் குடும்பமே பிழைக்கும்.