டயர் அண்ணன்

மலையகத்தில் ஒருவர் கார் வாங்கினால் கூடவே மூன்று பேர் அவருடைய வாழ்க்கைக்குள் வந்துவிடுவார்கள்: லீசிங் கம்பனிக்காரர், கோயில் ஐயர், டயர் அண்ணன். லீசிங்காரர் தவணை தவறினால்தான் வருவார். ஐயர் வருஷத்தில் ஒருநாள், ஆயுத பூசைக்கு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வருவார். டயர் அண்ணன் அந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிய டயரைப் பார்க்க வருவார். பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். அன்றிலிருந்து உங்களுக்குத் தூக்கம் கிடையாது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஹட்டனோ தலவாக்கலையோ பொகவந்தலாவையோ, எந்த டவுனாக இருந்தாலும் டயர் கடை வாசலில் ஒருவர் நிற்பார். விற்பவரும் அவரில்லை, வாங்குபவரும் அவரில்லை. தலையில் கம்பளித் தொப்பி, உடம்பில் நிறம் மறந்துபோன ஜேர்சி, விரலில் சுழலும் சாவி. முன்பு தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். இப்போது ஹயர் வேன் வைத்திருக்கிறார். ஹயர் இல்லாத நாட்களில் ஆலோசனை ஓட்டுகிறார். இதற்குக் கட்டணம் ஒரு பிளேன்டீ.

அவருடைய பரிசோதனை மூன்று கட்டமாக நடக்கும். முதலில் டயரைக் காலால் ஓர் உதை. எந்த டயரும் அந்த உதைக்குப் பதில் சொன்னதில்லை என்றாலும் அவருக்கு மட்டும் ஏதோ கேட்கும். அடுத்து கட்டை விரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்ப்பார். கடைசியாக, டீமேக்கர் தேயிலைத் தூளை மோந்து பார்ப்பது போல, குனிந்து மோந்து பார்ப்பார். நிமிர்ந்ததும் தீர்ப்பு: "ரப்பர் இருக்கு. ஆனா உசுரு இல்ல."

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பரம்பரை என்பார். அவருடைய சித்தப்பா எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவராம். அதற்கு மேல் பின்னோக்கிப் போக அவரிடம் ஆளில்லை, நாம் போகலாம். 1876இல் ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து எடுத்துப் போன விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அந்தக் கன்றுகள் அதே வருஷம் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. உலகத்து டயர்களுக்குப் பால் கொடுத்த மரங்களின் கதை இலங்கை மண்ணிலும் தொடங்கியிருக்கிறது. ஆனால் அண்ணனிடம் "நம்ம நாட்டு டயர் போடலாமா" என்று கேட்டுப் பாருங்கள். காதில் விழாதது போல் சாவியைச் சுழற்றுவார்.

ஏனென்றால் அவருடைய உலக வரைபடத்தில் நாடுகளுக்கு வரிசை உண்டு. ஜப்பான் முதலிடம், அதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழும். தாய்லாந்து, இந்தோனேசியா "பரவால்ல". சீனா என்றால், "அது டயரா, ஜோக்கா?" ஜப்பான் கம்பனிப் பெயர் போட்ட டயரைத் திருப்பிக் காட்டி, தாய்லாந்தில் செய்தது என்று எழுதியிருப்பதைக் கடைப் பையன் காட்டினால் சற்று நேரம் தடுமாறுவார். பிறகு சமாளிப்பார்: "ரப்பர் தாய்லாந்து, மூளை ஜப்பான்." சியெட் பெயரைக் கேட்டால் "உள்ளூரு" என்று ஒதுக்குவார். 1924இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் பிறந்து, இந்தியக் கம்பனியாகி, இப்போது களனியில் டயர் செய்யும் பெயர் அது என்று சொன்னால் நம்ப மாட்டார். இத்தாலி என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் மோந்து பார்த்திருப்பார்.

டிக்கோயாவில் படிப்பிக்கும் ஒரு மாஸ்டர் தம்முடைய ஆல்ட்டோவுக்கு டயர் மாற்ற ஹட்டனுக்கு வந்திருந்தார். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று பேர்போன பிரீமியம். மற்றது விலை குறைந்தது.

"சேர், உசுரு முக்கியமா, காசு முக்கியமா?"

"உசுருதான் அண்ணே."

"அப்ப நல்லதப் போடுங்க. காசு என்னா காசு, இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும்."

"இந்த ஒண்ணோட விலைக்கு அது ரெண்டு வரும் போலருக்கே."

அண்ணன் யோசித்தார். உயிரின் விலை நாலிலிருந்து இரண்டாக இறங்கியது. "சரி, அப்ப நல்லது ரெண்டு மட்டும் போடுங்க. முன்னுக்கு. ஸ்டியரிங் முன்னுக்குத்தானே இருக்கு?"

ஊரே ஒத்துக்கொள்ளும் தர்க்கம் இது. ஆனால் டயர் கம்பனிகள் நேர்மாறாகச் சொல்கின்றன: இரண்டுதான் புதிது என்றால் அவை பின்னுக்குப் போக வேண்டும். நனைந்த வளைவில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழன்ற பிறகுதான் ஓட்டுபவருக்குத் தெரியும். நம் வீதிகளில் சுழல்வதற்கு இடமும் கிடையாது: ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தேயிலை, தேயிலைக்குக் கீழே ஆறு.

மாஸ்டர் இன்னும் தயங்க, அண்ணன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். டயரின் பக்கச் சுவரில் 'வி' என்ற எழுத்தைத் தொட்டுக் காட்டி, "240ல போனாலும் தாங்கும் சேர்!" என்றார். எழுத்தின் கணக்கு உண்மைதான்: 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், 'எச்' என்றால் 210, 'வி' என்றால் 240. ஆனால் டிக்கோயா வீதியில் மாஸ்டருக்கு முன்னால் எப்போதும் ஒரு பால் பவுசர் போய்க்கொண்டிருக்கும். ஆல்ட்டோ அந்த வேகத்தைத் தொட வேண்டுமானால் பாதையை விட்டுப் பள்ளத்துக்குள் போனால்தான் முடியும்.

அதே சுவரில் அண்ணன் கண்டுகொள்ளாத இன்னொரு குறிப்பு உண்டு. ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். மாஸ்டர் அதைப் பற்றிக் கேட்டதும், "அது கம்பனிக்காரன் கணக்கு, நமக்கு எதுக்கு?" என்று அண்ணன் கையை வீசிவிட்டார். கடை முதலாளியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அண்ணனின் உண்மையான துறை வேறு. மிச்செலின் என்ற பிரெஞ்சு டயர் கம்பனி 1900இல் கார்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் போட்டது. மக்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! பிற்காலத்தில் அந்த நூல் கொடுக்கும் நட்சத்திரத்துக்காகப் பெரிய சமையல்காரர்களே ஏங்க ஆரம்பித்தார்கள். நம் அண்ணனும் அந்த நூல் மாதிரித்தான். கினிகத்தனையிலிருந்து நானுஓயா வரை எந்தக் கடையில் ரொட்டி சூடாக இருக்கும், எந்தக் கடைச் சம்பலில் கொச்சிக்காய் தாராளம் என்பது அவருக்கு அத்துப்படி. டயர் விஷயத்தில் தவறினாலும் ரொட்டி விஷயத்தில் அவர் தவறியதே இல்லை.

சரி, ஊருக்கெல்லாம் ஜப்பான் சொல்பவருடைய வேனில் என்ன இருக்கிறது? நாலு சில்லிலும் நாலு சரித்திரம். முன் வலப்பக்கம் பாவித்த ஜப்பான் டயர், யாரோ கழற்றிப் போட்டது. முன் இடப்பக்கம் இந்தியா. பின்னுக்கு இரண்டும் 'டேக்', அதாவது தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றி எடுத்தவை. ஸ்பெயாரைப் பற்றிக் கேட்கக் கூடாது. அது ஓய்வு பெற்றுவிட்டது.

கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ப்ளேனுக்கே டேக் டயர்தான் சேர் போடுறாங்க!" இதுவும் பொய்யில்லை. விமான டயர்களுக்குத் திரும்பத் திரும்ப ரப்பர் ஏற்றுகிறார்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு ஏற்றுகிறார்கள். அண்ணனின் டயருக்குக் கிடைத்த சோதனை அந்த ஓர் உதைதான். தனியார் காருக்கு வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கப் போனால் புகைச் சான்றும் காப்புறுதியும் கேட்பார்கள். டயரைக் குனிந்து பார்ப்பவர் யாருமில்லை.

அவரைக் குறை சொல்வதும் எளிதல்ல. 2020இல் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 வரைக்கும் ஏறியது. அந்த நாட்களில் யார் வீட்டு ஷெட்டில் எந்த அளவு டயர் கிடக்கிறது என்று தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். பல வேன்கள் ஓடியது அவர் புண்ணியத்தில். அவர் வீட்டிலும் ஒருவர் கொழுந்து பறிக்கிறார். 2024இல் அந்த வேலைக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒரு பிரீமியம் டயர் என்பது எத்தனை நாள் மலையேற்றம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தாம் வாங்க முடியாத டயரை அடுத்தவர் காரிலாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அவருடைய உபதேசம்.

ஓயாமல் பேசும் அந்த மனிதர் வாய் மூடும் இடமும் ஒன்று உண்டு: ரதல்லைக் குறுக்கு வீதி. நானுஓயாவுக்குப் பக்கத்தில் 2023 ஜனவரி 20ஆம் திகதி பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்த பாதை. அங்கே சின்ன கியரில்தான் இறங்குவார். டயரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அவர் பேசாததை நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவில் 2012இல் டயர்களுக்கு லேபல் ஒட்ட ஆரம்பித்தபோது ஈரப் பிடிப்புக்கு வகுப்புகள் வைத்தார்கள். நனைந்த வீதியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தால், நாலும் 'ஏ' வகுப்பு டயர் போட்ட காருக்கும் நாலும் 'எஃப்' வகுப்பு போட்ட காருக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம். நம் மலையில் 40க்கு மேல் எங்கே போகிறோம் என்பீர்கள். வேகம் பாதியானால் தூரம் கால்வாசியாகும். அப்போதும் நாலரை மீட்டர். மாஸ்டரின் ஆல்ட்டோ முழுசாக அதற்குள் அடங்கும். வட்டவளையில் மழை கொட்டும்போது, மூடுபனிக்குள் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றால், டயரில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு கார் நீளத்தில்தான் செலவாகும்.

விலை குறைந்த டயர் போடுகிறவர் முட்டாள் என்று இதற்குப் பொருளில்லை. நாள் முழுக்கத் தோட்டப் பாதையில், கூரான கல்லுக்கு மேல், நடக்கிற வேகத்தில் ஓட்டுபவருக்குப் பிரீமியம் வீண். கல் பக்கச் சுவரைக் கிழிக்கும்போது விலைச் சீட்டைக் கேட்டுக் கிழிப்பதில்லை. அவருக்கு நாலும் ஒரே வகை, புதிதாகச் செய்த உள்ளூர் டயரே போதும். குடும்பத்தோடு மழையில் கினிகத்தனை இறங்கிக் கொழும்புக்குப் போய் வருகிறவர் காசை ஈரப் பிடிப்பில் போடட்டும். பிறந்த வருஷம் தெரியாத பாவித்த 'ஜப்பான்' மட்டும் இரண்டு பேருக்குமே வேண்டாம். அதை விட நேற்றுச் செய்த மலிவு டயர் மேல். எந்த டயரானாலும் காடிக்குள் குறுக்கே இருக்கும் 1.6 மில்லிமீட்டர் மேடு மேல்மட்டத்தோடு சமமாகும் வரை இழுத்தடிக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது டயர் அண்ணனையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், விடவும் மாட்டார். விலை பேசுவதற்கும், திரும்பும் வழியில் ரொட்டிக் கடை காட்டுவதற்கும் அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் அவர் டயரை உதைக்கும் நேரத்தில் நீங்கள் குனிந்து அந்த நாலு இலக்கத்தைப் படித்துவிடுங்கள்.